இரவைத் திறந்து வைப்பவர்

“கூட்டம் ஆடிச்சுதானே, அண்ணே? அதுக்கு மேல ஒரு டிஜே என்ன செய்யணும்?” என்று அந்த இளைஞர் என்னிடம் கேட்டபோது அவர் குரலில் ஆணவம் எதுவும் இல்லை. விடையைத் தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். சிங்கப்பூர் ஆற்றை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், நூற்றைம்பது பேர் வந்தால் நிரம்பிவிடும் ஒரு சிறிய கிளப்பில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த, ஹவுஸ் என்னும் ஆட்ட இசையை இசைக்கும் ஒரு டிஜேக்கு முன்னால் இரவைத் தொடங்கிவைக்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பத்து மணிக்குக் கதவு திறந்தது. பத்தேகாலுக்கெல்லாம் அவர் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 தாளத் தட்டுகள்) வேகத்தில், எல்லோருக்கும் தெரிந்த, கேட்டதும் கைகள் தாமாக உயரும் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக இசைக்கத் தொடங்கிவிட்டார். பதினோரு மணிக்கு ஆடுதளம் நிறைந்திருந்தது. பன்னிரண்டுக்கு விருந்தினர் வந்து பூத்தில் (டிஜே கருவிகளோடு நிற்கும் இடத்தில்) நின்றார். அவர் கொண்டுவந்திருந்த இசை 120 பிபிஎம் வேகத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும் வகையைச் சேர்ந்தது. அவருடைய முதல் மூன்று பாடல்களுக்குள் ஆடியவர்களில் பாதிப் பேர் தளத்தைவிட்டு விலகிவிட்டார்கள். சிலர் பார் பக்கம் போனார்கள்; வேறு சிலர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வீட்டுக்கே போய்விட்டார்கள். ஒரு மணிக்கு மேல் அந்த விருந்தினர் தம் இசையின் உச்சத்தைத் தொட்டபோது, அதைக் கேட்க அறையில் மிகக் குறைவான பேரே மிஞ்சியிருந்தார்கள்.

இளைஞரின் கேள்விக்கு அன்று என்னால் முழுமையாக விடை சொல்ல முடியவில்லை. தவறு நடந்திருக்கிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவர் முன்வைத்த சான்று வலுவானது. ஆடவைப்பது டிஜேயின் வேலை; அவர் ஆடவைத்தார்; அதையும் பத்தரை மணிக்கே செய்துகாட்டினார். அந்தக் கேள்வி பல மாதங்கள் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தொழிலில் நான் பெரும்பாலும் செய்துவந்திருப்பது இரவைத் தொடங்கிவைக்கும் வேலைதான் என்பதால், அதை ஒதுக்கிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

ஆடுதளம் நீதிபதியா?

இளைஞரின் தரப்பில் நிறையவே நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். டிஜே கலையின் முக்கியமான கண்டுபிடிப்புகள் எல்லாம் ஆடுபவர்களின் கால்களைப் பார்த்துக் கற்றவைதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்ககத்தில், தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய கூல் ஹெர்க், ஒரு பாடலில் பாட்டும் குழலும் அடங்கித் தாளம் மட்டும் தனித்து நிற்கும் சில நொடிகளுக்காகவே ஆட்டக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, அந்தச் சில நொடிகளை மாறி மாறி நீட்டிக்கொண்டே போகும் முறை அந்தக் கவனிப்பிலிருந்துதான் பிறந்தது. ஹிப்ஹாப் என்னும் பெரும் மரபு அதன்மேல் எழுந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே நகரத்தின் சாங்சுவரி என்ற கிளப்பில் ஃபிரான்சிஸ் கிராஸோ ஒரு பாடலின் தாளத்தை அடுத்ததன் தாளத்தோடு பிசகில்லாமல் பொருத்தத் தொடங்கியதும், ஆடிக்கொண்டிருக்கும் கால்கள் இரண்டு பாடல்களுக்கு நடுவே நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான். எனவே, ஆடுதளத்தைப் பார்க்காமல் தன் ரசனையை மட்டும் நம்பி இசைப்பவரை நான் நல்ல டிஜே என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆடுதளம் சொல்வது அந்த நிமிடத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. ஒரு பாடல் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்பதை அது தெரிவிக்கும். இன்னும் இரண்டு மணி நேரம் கழித்து இதே உடம்புகளுக்கு என்ன தேவைப்படும், எவ்வளவு வலு மிஞ்சியிருக்கும் என்பதை அது சொல்லாது; அதைச் சொல்ல வேண்டிய கடமையும் ஆட வந்தவர்களுக்கு இல்லை. ஆறு மணி நேரம் நீளும் ஓர் இரவை யாராவது ஒருவர் முழுதாக மனதில் ஏந்தியிருக்க வேண்டும். கிளப் இசையின் தொடக்ககாலத்தில் அதை ஏந்தியிருந்தவர் டிஜேதான்.

1970 காதலர் தினத்தன்று நியூயார்க்கின் 647 பிராட்வே முகவரியில், தாம் குடியிருந்த கிடங்கு மாடியில் டேவிட் மான்குசோ தொடங்கிய விருந்து, பிறகு ‘லாஃப்ட்’ என்ற பெயரில் நிலைத்தது. அங்கே மது விற்கப்படவில்லை. அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே வந்தார்கள். மான்குசோ ஓர் இரவை மூன்று நிலைகளாக எண்ணினார். முதலில் அமைதி, பிறகு கொண்டாட்டத்தின் உச்சம், கடைசியில் வந்தவர்களை மெல்ல வெளியுலகுக்குத் திருப்பி அனுப்பும் இறக்கம். இறப்புக்கும் பிறப்புக்கும் இடைப்பட்ட நிலைகளைப் பற்றிய திபெத்திய பௌத்தத்தின் பார்தோ கருத்தின் வழியாகத்தான் அவருக்கு இந்தப் பகுப்பு கிடைத்தது. அதை நாம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அமைதியான முதல் பகுதி அவருக்கு வெறும் காத்திருப்பு நேரமாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கென்றே அவர் இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்; தாளமே இல்லாத இசையைக்கூட அந்த நேரத்தில் ஒலிக்கவிட்டார்.

அவருடைய விருந்துகளில் வளர்ந்த தலைமுறையும் அப்படியே இயங்கியது. நியூயார்க்கின் 84 கிங் தெருவில் 1977 முதல் 1987 வரை நடந்த பாரடைஸ் கராஜில் லாரி லெவன் இரவு முழுவதையும் தாமே நடத்தினார். இரவு ஏற ஏற, சுழல்மேடையில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு அதைவிடத் தரமான ஒன்றைப் பொருத்துவார் என்றும், அதனால் விடியலை நெருங்கும்போது அதே ஸ்பீக்கர்கள் முன்பைவிடத் தெளிவாகப் பேசும் என்றும் அங்கே ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தன் கைவசமிருக்கும் சிறந்த ஒலியைப் பத்து மணிக்கே செலவழித்துவிடக் கூடாது என்று நினைக்கும் மனம் அது. அவருடைய நண்பர் ஃபிராங்கி நக்கிள்ஸ் சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் நின்று, ‘ஹவுஸ்’ என்று இன்று நாம் அழைக்கும் இசைக்கு உருவம் கொடுத்த ஆண்டுகளிலும், முதல் பாடலும் கடைசிப் பாடலும் ஒரே கையிலிருந்துதான் வந்தன.

பிறகு 1990-களில் விமானத்தில் ஊர் ஊராகப் பறக்கும் நட்சத்திர டிஜேக்களின் காலம் வந்தது. விருந்தினர் இரண்டு மணி நேரம் இசைப்பார், மறுநாள் வேறு நாட்டில் இருப்பார். முழு இரவு துண்டுகளாக நறுக்கப்பட்டது. உச்சத்துக்கு ஒரு பெயரும் விலையும் கிடைத்தன. தொடக்கம் யாருக்கும் உரிமையில்லாத நிலமாக மாறியது. ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மணி நேரமே தரப்படும்போது, ஒவ்வொருவரும் தம் பங்குக்குள் ஓர் உச்சத்தைக் காட்டிவிட வேண்டும் என்று துடிப்பது இயல்பு. அந்த இளைஞர் செய்தது இந்த அமைப்பு அவருக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான்.

எல்லா இடங்களும் இப்படி ஆகிவிடவில்லை. பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்பில் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் இசை திங்கட்கிழமை காலை வரைகூட நீளும். நான்கு மணி நேரம் ஒருவரே இசைப்பது அங்கே சாதாரணம். தொடங்கிவைப்பதையும் முடித்துவைப்பதையும் பெருமையாகக் கருதுகிறார்கள். 1999-இல் லண்டனில் திறக்கப்பட்ட ஃபேப்ரிக் கிளப்பில் கிரெய்க் ரிச்சர்ட்ஸ் தொடக்கம் முதலே ரெசிடென்டாக, அதாவது கிளப்பின் நிரந்தர டிஜேயாக இருந்து, விருந்தினருக்கு முன்னால் இசைப்பதையே தனிக் கலையாக வளர்த்தெடுத்தவர். ஆற்றோரப் பழைய கிடங்குகளில் 1991-இல் பிறந்த எங்கள் ஊர் ஸூக் கிளப்பும் ரெசிடென்ட்களை நம்பி வளர்ந்ததுதான். ஊரில் தங்கி, வாரந்தோறும் அதே அறையில் நின்று, அந்த அறைக்கு எந்த மணியில் என்ன பிடிக்கும் என்று அறிந்தவர்கள் இருக்கும் இடத்தில்தான் நல்ல தொடக்கங்கள் நிகழ்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

ஒரு மூத்தவரின் இரவு

இளைஞர் கேட்ட கேள்விக்கான விடை எனக்குப் பேச்சின் வழியாக வரவில்லை. அதே கடைவீட்டின் மேல்மாடியில், வேறோர் இரவில், இசைத்தட்டுக் காலத்திலிருந்தே இந்த ஊரில் இசைத்துவரும் ஒரு மூத்த தமிழர் இரண்டு மணி நேரம் இரவைத் திறந்து வைத்ததைத் தொடக்கத்திலிருந்து கேட்டபோதுதான் வந்தது. அன்று எனக்கு வேலை எதுவும் இல்லை. பார் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து கவனிக்க மட்டுமே போயிருந்தேன்.

கதவு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே அவர் வந்துவிட்டார். பூத்துக்குள் போகாமல், ஒரு பாடலை ஓடவிட்டு ஆடுதளத்தின் நடுவில் நின்றார். பிறகு நான்கு மூலைகளுக்கும் போய் நின்றார். திரும்பிவந்து உயர் ஒலிகளைச் சற்றே குறைத்தார். ஆள் இல்லாத அறையில் சுவர்களும் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். மனித உடல்களும் உடைகளும் நடு ஒலிகளையும் உயர் ஒலிகளையும் உறிஞ்சிக்கொள்ளும். எனவே, பத்து மணிக்குக் காதைக் குத்தும் அதே அமைப்பு, பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் நிறைந்ததும் மங்கலாகக் கேட்கும். அறை நிறைய நிறைய, குறைத்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

பத்து மணிக்கு, மது பரிமாறும் இருவர் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ளும் அளவில்தான் இசை இருந்தது. வேகம் 104 பிபிஎம் அளவில் இருந்திருக்கும். டப், பழைய சோல், பிரேசில் தாளங்கள் என்று மெதுவான இசை வகைகள் வந்தன. வந்தவர்கள் மேசைகளில் அமர்ந்து பேசினார்கள், ஒருவரும் ஆடவில்லை, அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. பத்தே முக்கால் வாக்கில் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருந்த நான்கு பெண்கள், பேச்சை விடாமலேயே தோள்களை மட்டும் அசைக்கத் தொடங்கினார்கள். அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். என்னைப் போன்றவர்கள் அந்த நொடியில் உடனே வேகத்தை ஏற்றியிருப்போம், அல்லது அவர்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பாடலை எடுத்திருப்போம். அவர் எதையும் மாற்றவில்லை. அப்போது ஓடிக்கொண்டிருந்த பேஸ் (தாழ் ஒலி) நடையை ஒத்த நடையுடைய பாடலையே அடுத்தும் எடுத்தார், அதற்கடுத்தும் எடுத்தார். நான்கு பேரின் உடல் எதைப் பிடித்துக்கொண்டதோ, அது அவர்களிடமே இருக்கும்படி விட்டுவைத்தார். அந்த மூன்று பாடல்களின் முடிவில், தாங்கள் ஆட வந்துவிட்டோம் என்பதை உணராமலேயே அவர்கள் சுவரைவிட்டுத் தளத்தின் விளிம்புக்கு வந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். பாடல்களைக் கலக்கும் மிக்ஸரில் பேஸ் குமிழை அவர் தொடக்கம் முதலே நடுக்கோட்டுக்குக் கீழேதான் வைத்திருந்தார். பதினொன்றேகாலுக்கு மேல், 116 பிபிஎம் அளவில் ஒரு டீப் ஹவுஸ் பாடலைக் கொண்டுவந்து, அதன் இரண்டாம் பகுதி தொடங்கும் இடத்தில் அந்தக் குமிழை நடுக்கோட்டுக்கு ஏற்றினார். ஓசையின் அளவு அதிகம் மாறவில்லை. ஆனால் தரை திடீரென்று காலுக்கடியில் உயிர்பெற்றது. மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். இளைஞரின் இரவில் கைகளை உயர்த்தவைக்கும் பாடல்கள் செய்ததை இங்கே ஒரு குமிழ் செய்தது. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் அதைத் தராமல் வைத்திருந்ததுதான் அதற்கு அந்த வலிமையைக் கொடுத்தது.

ஆடுதளம் நிறைந்த பிறகு அவர் செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பதினொன்றே முக்காலுக்கு, தாளம் பாதியாகக் குறைந்த, நீண்ட, காற்றோட்டமான ஒரு பாடலைப் போட்டார். கூட்டத்தில் சிலர் தளத்தைவிட்டு இறங்கி மதுவும் தண்ணீரும் வாங்கப் போனார்கள். நான் எழுந்து பூத்தருகே போய், “ஏன் அண்ணே விட்டுட்டீங்க? நல்லா ஆடிக்கிட்டு இருந்தாங்களே?” என்று கேட்டேன். ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கி, “இப்பவே எல்லாத்தையும் நான் எடுத்துக்கிட்டா, பன்னிரண்டு மணிக்கு வர்றவருக்கு எதைக் குடுக்கிறது, தம்பி?” என்றார்.

அன்று விருந்தினர் வந்து நின்றபோது ஆடுதளம் முக்கால்பங்குதான் நிறைந்திருந்தது. ஆனால் இறங்கிப் போனவர்கள் எல்லோரும் கையில் கோப்பையோடு தளத்தைப் பார்த்து நின்றிருந்தார்கள். விருந்தினரின் முதல் பேஸ் ஒலி விழுந்ததும் அவர்கள் திரும்பிவந்த வேகத்தைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. தொடங்கிவைப்பவரின் வேலையை அளக்க வேண்டிய நேரம் அவர் இசைத்துக்கொண்டிருக்கும் நேரம் அல்ல. அவர் கையளித்துவிட்டு விலகிய பிறகு வரும் முதல் அரை மணி நேரத்தில்தான் அதை அளக்க முடியும்.

வட தமிழ்நாட்டின் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. விடிய விடிய நடக்கப்போகும் கூத்துக்கு முன்னால் மத்தளமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து முழங்கும்; அதற்குக் களரி கட்டுதல் என்று பெயர். வேடம் கட்டிய எவரும் அப்போது வெளியே வருவதில்லை. ஊரார் பாயோடும் போர்வையோடும் வந்து இடம்பிடிப்பதும், குழந்தைகள் அடங்குவதும், காதுகள் அந்தச் சுருதிக்குப் பழகுவதும் அந்த நேரத்தில்தான். கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் வந்து நிற்கும்போது அவனுக்கு ஒரு சபை தயாராக இருக்கிறது. களரி கட்டும் நேரத்திலேயே துரியோதனனைக் கொன்றுவிட யாரும் நினைப்பதில்லை.

காதுக்கும் ஒரு வலுவெல்லை உண்டு

இதில் ரசனையோடு உடலியலும் கலந்திருக்கிறது. காது தொடர்ந்து பலத்த ஓசைக்கு உட்பட்டால் அதன் கூருணர்வு தற்காலிகமாகக் குறைந்துவிடும். கிளப்பிலிருந்து வெளியே வந்தபின் பஞ்சடைத்தாற்போல் இருப்பது அதனால்தான். பத்து மணிக்கே 100 டெசிபலில் தொடங்கினால், பன்னிரண்டு மணிக்கு அதே 100 டெசிபல் மந்தமாகத் தோன்றும், டிஜே மேலும் ஏற்றுவார், ஸ்பீக்கர்கள் திணறும், இசை கூர்மை இழந்து வெறும் அழுத்தமாக மாறும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்புக்கான நெறிமுறை, இசைக்கூடங்களில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. தொழிலிடங்களுக்காக அமெரிக்காவில் பின்பற்றப்படும் பரிந்துரைக் கணக்கோ இன்னும் கடுமையானது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். அப்படிக் குறைந்துகொண்டே வந்தால் 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் வெறும் பதினைந்து நிமிடம். முதல் இரண்டு மணி நேரத்தை 90-க்கு அருகில் வைத்திருப்பவர், வந்தவர்களின் காதில் இருக்கும் வலுவை உச்ச நேரத்துக்காகச் சேமித்துத் தருகிறார். பூத்தில் நிற்பவர்கள் நல்ல காதடைப்பான் வாங்குவதை ஹெட்ஃபோன் வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். செவித்திறன் ஒருமுறை நிரந்தரமாகக் கெட்டுவிட்டால் திரும்பாது.

மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றுவது இன்னொரு தீங்கு. சிவப்பைத் தொட்ட பிறகு கூடுவது ஓசை அல்ல, சிதைவுதான். தொடங்கிவைப்பவர் பச்சையிலேயே இருந்து, அறையின் மொத்த அளவை ஒலிப் பொறியாளரோ கிளப்காரரோ பின்னர் உயர்த்துவதற்கு இடம் விட்டுவைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

என்னிடம் ஆலோசனை கேட்கும் இளையவர்களுக்கு முதலில் சொல்வது, விருந்தினரின் இசையைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான். அவருடைய பழைய பதிவுகள் எந்த வேகத்தில் தொடங்குகின்றன, அவர் பாட்டுள்ள இசையை விரும்புபவரா, தாளத்தை மட்டும் நம்புபவரா என்பதை அறிந்துகொண்டால் உங்கள் பாதியளவு வேலை முடிந்தது. முடிந்தால் முன்கூட்டியே, “எந்த வேகத்தில் கையளிக்கட்டும்?” என்று அவரிடமே கேளுங்கள், எந்த நல்ல டிஜேயும் இந்தக் கேள்வியைக் கேட்டு மகிழாமல் இருந்ததில்லை. அவர் 122-இல் தொடங்குபவர் என்றால் நீங்கள் 120-ஐத் தாண்ட வேண்டாம். அவர் உருவாக்கிய பாடல்களையும், அவர் இசைப்பார் என்று ஊருக்கே தெரிந்த பாடல்களையும் தொடாதீர்கள்.

தேவையானதைவிட மூன்று மடங்கு இசையோடு போங்கள். ஆளில்லாத அறை எவ்வளவு நேரம் ஆளில்லாமல் இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மழை பெய்தால் சிங்கப்பூரில் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். 95 முதல் 120 வரை எல்லா வேகங்களிலும் பாடல்கள் கைவசம் இருக்கட்டும். வேகத்தைக் கூட்டிக்குறைக்கும் பிட்ச் ஃபேடரை நம்பி ஒரே வேகத்துப் பாடல்களோடு போவது போதாது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேடையின் காலத்திலிருந்தே வழக்கமான எல்லை கூட்டல் கழித்தல் எட்டு விழுக்காடு. 120 வேகப் பாடலை அதில் 110 வரைதான் இறக்கலாம். இன்றைய கருவிகள் அதற்கும் கீழே கொண்டுபோகும் என்றாலும், வேகமாக ஆடுவதற்கென்று செய்த பாடலை மிகவும் இழுத்தால் அதன் நடை சோர்ந்துவிடும். மெதுவாகவே பிறந்த இசையைத் தேடிச் சேகரிப்பதற்கு மாற்று இல்லை.

ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்கு மாறும் கலவைகளை நீளமாக வையுங்கள். பெரும்பாலான ஹவுஸ் பாடல்கள் முப்பத்திரண்டு தாளத் தட்டுகள் கொண்ட பகுதிகளாகக் கட்டப்பட்டிருப்பதால், ஒரு பகுதி தொடங்கும் இடத்தில் அடுத்த பாடலைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகவே மூச்சுவிடும். இரண்டு பாடல்களின் பேஸும் ஒரே நேரத்தில் முழுதாக ஒலிக்க விடாதீர்கள். ஒன்றை இறக்கிய பிறகே மற்றொன்றை ஏற்றுங்கள். தாளங்களைத் தானாகவே பொருத்திவிடும் சிங்க் பொத்தானைப் பயன்படுத்தலாமா என்ற பழைய சண்டையில் எனக்கு ஆர்வம் குறைவு. காதால் தாளம் பொருத்தக் கற்றவர், கருவி கைவிடும் நாளில் தப்பிப்பார் என்பதால் கற்றுக்கொள்ளச் சொல்வேன். ஆனால் வெற்றுத் தளத்தை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு அந்தப் பொத்தானிடம் பதில் கிடையாது.

யாராவது வந்து ஒரு பிரபலமான பாடலைக் கேட்டால் மரியாதையோடு பேசுங்கள். கேட்பவர் ஆட விரும்பித்தான் கேட்கிறார். அந்தப் பாடலை இசைக்க முடியாதபோதும், அதன் தாள நடையை ஒத்த ஒன்றைக் கொஞ்ச நேரத்தில் தர முடியும். கிளப் உரிமையாளர் வந்து “ஏன் யாரும் ஆடவில்லை?” என்று கேட்டால், பார் மேசையைக் காட்டுங்கள். மக்கள் அமர்ந்து பேசி, குடித்து, ஒருவரோடொருவர் பழகும் நேரம் அது. பத்தரை மணிக்கே எல்லோரையும் ஆடுதளத்தில் நிறுத்திவைத்தால் அவருடைய விற்பனைக்கும் நல்லதல்ல என்பதை அமைதியாகச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

“என்னை யார் ஞாபகம் வெச்சிருப்பாங்க?”

மூத்தவரின் இரவைப் பற்றி அந்த இளைஞரிடம் பிறகு விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படி வாசிச்சா என்னை யாரு அண்ணே ஞாபகம் வெச்சிருப்பாங்க? அடுத்த நிகழ்ச்சிக்கு யாரு கூப்பிடுவாங்க?” என்றார். இந்தக் கேள்வியை நான் முதல் கேள்வியைவிடப் பெரிதாக மதிக்கிறேன். கைகள் உயர்ந்த ஆடுதளத்தை எடுத்த அரை நிமிடக் கைப்பேசிக் காணொளிதான் இன்று ஓர் இளம் டிஜேயின் அறிமுக அட்டை. மேசைகளில் அமர்ந்து நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கும் நாற்பது பேரைப் படம்பிடித்து யாரும் வாய்ப்புப் பெற முடியாது. தொடங்கிவைப்பவருக்கு மிகக் குறைந்த ஊதியமோ, நான்கு பானச் சீட்டுகளோ தந்துவிட்டு, சுவரொட்டியில் அவர் பெயரைப் படிக்க முடியாத எழுத்தில் அச்சிடும் ஓர் அமைப்பு, அவரிடமிருந்து தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது அநீதி.

எனவே இந்தக் குறையைச் சரிசெய்யும் பொறுப்பில் பெரும்பங்கு நிகழ்ச்சி அமைப்பாளர்களுடையது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தொடங்கிவைப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் தராமல் மூன்று மணி நேரம் கொடுங்கள். நேரம் இருப்பவருக்குப் பதற்றம் குறையும். ஒரே இரவில் ஐந்து பேரைத் திணிக்காமல் இருவரோடு நிறுத்துங்கள். நன்றாகத் திறந்து வைப்பவரை மாதம் ஒருமுறையாவது அதே அறைக்குத் திரும்ப அழைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை முழு இரவையும் அவரிடமே ஒப்படையுங்கள். உச்சத்துக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர், உச்சத்தைத் தள்ளிவைக்கவும் துணிவார். தாம் என்றுமே உச்சத்தைத் தொடப்போவதில்லை என்று அஞ்சுபவர்தான் பத்தேகாலுக்கே அதைப் பறிக்க முயல்கிறார்.

கையளிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்ல தொடக்கங்கள் பல அந்த இடத்தில்தான் கெடுகின்றன. விருந்தினர் பூத்துக்குள் வந்ததும் அவருக்கு இடம்விட்டு விலகி நில்லுங்கள். உங்கள் கடைசிப் பாடல் குறைந்தது மூன்று நிமிடமாவது மிச்சமிருக்கும்படியும், அதன் முடிவில் தாளம் மட்டும் நீண்டு நிற்கும்படியும் தேர்ந்தெடுத்து வையுங்கள். மிக்ஸரில் பயன்படாத சேனல்களின் (ஒலி வழிகளின்) குமிழ்களையெல்லாம் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, எதிரொலி போன்ற எஃபெக்டுகளை அணைத்து, எந்த சேனலில் இசை ஓடுகிறது, எவ்வளவு நேரம் பாக்கி இருக்கிறது என்பதை அவர் காதில் சொல்லுங்கள். பாடல்கள் உள்ள உங்கள் யுஎஸ்பி-யை அந்தப் பாடல் முழுதாக முடியும்வரை பிடுங்க வேண்டாம். பிறகு நேராக வீட்டுக்கோ வெளிமாடிக்கோ போய்விடாதீர்கள். இறங்கி ஆடுதளத்தின் நடுவுக்குப் போய், அவருடைய முதல் அரை மணி நேரத்தை அங்கேயே நின்று கேளுங்கள். எந்த இடத்தில் கூட்டம் அவரோடு சேர்ந்துகொள்கிறது, எந்த இடத்தில் தயங்குகிறது என்று பாருங்கள். நீங்கள் இசைத்த இரண்டு மணி நேரம் எப்படி இருந்தது என்பதை அந்தத் தளத்தில் நின்றுதான் கேட்க முடியும்.